வெள்ளைக்காரப் பட்டாளம் ஒன்றின் வரலாற்றைத் தேடுவது எப்படி? வேலூரில் இருந்த 69-ஆம் ரெஜிமென்டை வைத்து ஒரு வழிகாட்டி

வேலூர்க் கோட்டையைச் சுற்றிக் காட்டச் சொல்லித் தெரிந்தவர்கள் யாராவது வந்தால், கடைசியில் பக்கத்தில் உள்ள பழைய ஐரோப்பியர் கல்லறைத் தோட்டத்துக்கும் கூட்டிப் போவேன். 1806 ஜூலை 10 அன்று வேலூர்ப் புரட்சியில் செத்துப்போன 69-ஆம் ரெஜிமென்ட் ஆட்களின் நினைவிடம் அங்கே இருக்கிறது. போன வருடம் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் அதன் முன்னால் நின்று, "இவங்க எல்லாம் யாரு தாத்தா?" என்று கேட்டாள். சிப்பாய்கள் ஏன் எழுந்தார்கள் என்பது அவளுக்குப் பாடத்தில் இருந்தது. எதிரில் இருந்தவர்கள் யார், எந்த ஊர்க்காரர்கள், இங்கே எப்படி வந்தார்கள் என்பது இல்லை.

முப்பத்திரண்டு வருடம் தாலுகா அலுவலகப் பதிவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு பழைய காகிதத்தை எங்கே தேடுவது, கிடைத்ததை எப்படி நம்புவது என்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில். அதே முறையில் பத்துப் பதினைந்து வருடமாக இந்த 69-ஐப் பின்தொடர்ந்து வருகிறேன். உங்கள் ஊரில் பாளையமோ, கோட்டையோ, கல்லறைத் தோட்டமோ இருந்தால் நீங்களும் இதே வழியில் போகலாம். திருச்சி, பூந்தமல்லி, பல்லாவரம், பரங்கிமலை, வெலிங்டன் என்று நம் மாநிலத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

முதலில் எண்ணைப் பிடியுங்கள்

பிரிட்டிஷ் காலாட்படைக்குப் பெயரைவிட எண்தான் முக்கியம், அதுவும் 1881 வரைக்கும். நில ஆவணம் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஊர்ப் பெயர் மாறும், உடைமையாளர் மாறுவார், சர்வே எண்ணைப் பிடித்துக்கொண்டால் பின்னோக்கிப் போய்விடலாம். ரெஜிமென்டும் அப்படித்தான்.

69-ஐ எடுத்துக்கொள்வோம். 1756-ல் 24-ஆம் ரெஜிமென்டுக்கு இரண்டாவது பட்டாலியன் (ரெஜிமென்டுக்குள் ஒரு பெரிய படைப்பிரிவு) ஒன்று திரட்டினார்கள். 1758-ல் அதைத் தனியாகப் பிரித்து 69 என்று எண் கொடுத்தார்கள். நம் கணக்கில் சொன்னால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா கொடுத்தாகிவிட்டது. 1782-ல் அதற்கு ஒரு மாவட்டப் பெயரும் ஒட்டினார்கள்: சவுத் லிங்கன்ஷயர். 1881-ல் எண்களை எல்லாம் எடுத்துவிட்டு, இரண்டிரண்டு ரெஜிமென்டுகளை ஒன்றாகக் கட்டினார்கள். அப்போது 41-உம் 69-உம் சேர்ந்து வெல்ஷ் ரெஜிமென்ட் ஆயின. பழைய 41 அதன் முதல் பட்டாலியன், பழைய 69 இரண்டாவது.

பழைய 24-க்கு அதே 1881-ல் சவுத் வேல்ஸ் பார்டரர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 1969-ல் இந்த இரண்டு ரெஜிமென்டுகளையும் இணைத்து ராயல் ரெஜிமென்ட் ஆஃப் வேல்ஸ் ஆக்கினார்கள். 1758-ல் உட்பிரிவாகப் போன நிலம் 211 வருடம் கழித்துத் தாய்ப் பட்டாவிலேயே வந்து சேர்ந்த மாதிரி. 2006-ல் அதுவும் இன்னொன்றோடு சேர்ந்து இன்றைய ராயல் வெல்ஷ் ஆகியிருக்கிறது.

இதைச் சரியாகப் போட்டுக்கொள்ளாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். சவுத் லிங்கன்ஷயர் என்ற பெயரைப் பார்த்துவிட்டு லிங்கன் நகரத்து அருங்காட்சியகத்துக்கு மின்னஞ்சல் போட்டால் பயன் இருக்காது. லிங்கன்ஷயர் ரெஜிமென்டாக வளர்ந்தது 10-ஆம் எண், வேறு ஆள். 69-க்கான பொருள்களையும் காகிதங்களையும் கேட்க வேண்டிய இடம் வேல்ஸில் இருக்கிறது: கார்டிஃப் கோட்டைக்குள் ஒரு படை அருங்காட்சியகம், பிரெக்கன் ஊரில் இன்னொன்று.

எண்ணில் இன்னொரு கண்ணியும் உண்டு. கலைத்துவிட்ட ரெஜிமென்டின் எண்ணை வேறொரு புது ரெஜிமென்டுக்குக் கொடுப்பார்கள். 1806-ல் ஆற்காட்டிலிருந்து வேலூருக்குப் பாய்ந்து வந்த குதிரைப்படை 19-ஆம் லைட் டிரகூன்ஸ். அது 1821-ல் கலைக்கப்பட்டது. பின்னால் வங்காளத்தில் கம்பெனியின் ஐரோப்பியக் குதிரைப்படையை ராணியின் படையில் சேர்த்தபோது அந்தப் 19 மறுபடி வந்தது. ஆட்களில் ஒருவருக்கும் முந்தையவர்களோடு சம்பந்தம் இல்லை. எண்ணோடு வருடத்தையும் சேர்த்தே எழுதிப் பழகுங்கள்.

ராஜா பட்டாளமா, கம்பெனி பட்டாளமா?

இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் தேடி அலைந்தவர்கள் நிறையப் பேர். 1858-க்கு முன் இந்தியாவில் வெள்ளைக்காரக் காலாட்படை இரண்டு வகை. ஒன்று, இங்கிலாந்து ராஜாவின் படை. கொஞ்ச வருடத்துக்கு இங்கே அனுப்பப்பட்டு, முறை முடிந்ததும் திரும்பிப் போகும். 1754-ல் முதன்முதலில் இப்படி வந்தது 39-ஆம் ரெஜிமென்ட். 'இந்தியாவில் முதல்வன்' என்று பொருள்படும் லத்தீன் வாசகத்தை அது தன் சின்னத்தில் போட்டுக்கொண்டது. இரண்டாவது வகை, கிழக்கிந்தியக் கம்பெனி தானே சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஐரோப்பியப் படை. மதராஸ் ஐரோப்பியன் ரெஜிமென்ட் அப்படிப்பட்டது. அது பின்னால் மதராஸ் ஃப்யூசிலியர்ஸ், 1862-ல் 102-ஆம் எண், 1881-ல் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் என்று உருமாறி 1922-ல் கலைக்கப்பட்டது.

ஏன் இது முக்கியம் என்றால், ராஜா பட்டாளத்தின் காகிதம் லண்டனின் க்யூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். கம்பெனிப் பட்டாளத்தின் காகிதம் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பில் இருக்கும். தப்பான கட்டடத்தில் மாதக் கணக்கில் தேடினாலும் கிடைக்காது. ஆங்கிலக் கடிதத்தில் எண்ணுக்கு முன்னால் 'ஹிஸ் மெஜஸ்டீஸ்' என்பதன் இரண்டு முதலெழுத்துகள் இருந்தால் அது ராஜா பட்டாளம்.

'கம்பெனி' என்ற சொல்லும் குழப்பும். வேலூரில் 69-இன் "நான்கு கம்பெனிகள்" இருந்தன என்று படிப்பீர்கள். அங்கே கம்பெனி என்பது பட்டாலியனின் ஒரு சிறு பிரிவு. வியாபாரக் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான் குறிப்பு எடுக்கும்போது முன்னதைச் சிவப்பு மையிலும் பின்னதை நீலத்திலும் எழுதுவேன்.

அப்புறம் பின்னம் மாதிரி எழுதும் வழக்கம். 1/69 என்றால் 69-ஆம் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன். வேலூரில் இருந்த சிப்பாய்ப் படைகள் 1/1, 2/1, 2/23. அதாவது மதராஸ் சிப்பாய்ப் படையின் முதல் ரெஜிமென்டில் இரு பட்டாலியன்களும், 23-ஆம் ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாலியனும். மேலே உள்ளது பட்டாலியன், கீழே உள்ளது ரெஜிமென்ட். தலைகீழாகப் படித்தால் வேறு ஊரில் இருந்த வேறு படைக்குப் போய்விடுவீர்கள்.

ஒரே எண், இரண்டு பட்டாலியன்

இங்கே நானே செய்த தவறைச் சொல்ல வேண்டும். 2006-ல் வேலூர்ப் புரட்சியின் இருநூறாம் ஆண்டுக்காக ஒரு மலர் வந்தது. அதில் எழுதிய கட்டுரையில், வேலூரில் தப்பிப் பிழைத்த 69-ஆம் ரெஜிமென்ட் ஒன்பது வருடம் கழித்து வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்து நின்றது என்று எழுதிவிட்டேன். படிக்க நன்றாக இருந்தது. உண்மை இல்லை. வாட்டர்லூவில் நின்றது 2/69. அதற்கு இரண்டு நாள் முன்னால், 1815 ஜூன் 16, கேட்டர் பிராவில் பிரெஞ்சுக் கவசக் குதிரைப்படையிடம் தன் ராஜக் கொடியைப் பறிகொடுத்ததும் அந்த 2/69-தான். வேலூரின் 1/69 அப்போதும் இந்தியாவில்தான் இருந்தது. அந்த மலர் இன்னும் நூலகங்களில் இருக்கிறது, அந்த வரியும் இருக்கிறது. அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: எந்தச் சம்பவத்தை எழுதினாலும் பக்கத்தில் பட்டாலியன் எண் போடாமல் அடுத்த வரிக்குப் போவதில்லை. நெப்போலியன் போர்க் காலத்தில் பெரும்பாலான ரெஜிமென்டுகளுக்கு இரண்டாவது பட்டாலியன் இருந்தது. சண்டை ஓய்ந்ததும் பலவற்றைக் கலைத்துவிட்டார்கள், 2/69 போனது 1816-ல்.

கொடியில் இருக்கும் பெயர்களே வழிப்படம்

ரெஜிமென்டுகள் தங்கள் கொடியில் சண்டைப் பெயர்களைத் தைத்துக்கொள்ளும். அதைப் பெருமைப் பட்டியல் என்று விட்டுவிடாதீர்கள். எந்த வருடம் எந்த நாட்டில் காகிதம் தேட வேண்டும் என்பதற்கு அதைவிடச் சுருக்கமான அட்டவணை கிடையாது.

69-இன் வழியாக வந்த பெயர்களில் ஒன்று செயின்ட் வின்சென்ட் 1797. காலாட்படைக்குக் கடல் சண்டையின் பெயர் எப்படி வந்தது? அந்தக் காலத்தில் கப்பலில் ஆள் குறைந்தால் காலாட்படையை ஏற்றி அனுப்புவார்கள். அந்த வருடம் பிப்ரவரி 14 அன்று நெல்சன் ஸ்பெயின் கப்பல் ஒன்றில் ஏறியபோது, துப்பாக்கிக் கட்டையால் அதன் பின்பக்க ஜன்னலை உடைத்து முதலில் நுழைந்தவன் 69-இன் ஒரு சாதாரணச் சிப்பாய். எட்டு வருடம் கழித்து, 1805-ல், இந்த ரெஜிமென்ட் மதராஸ் வந்து இறங்கியது.

அடுத்து போர்போன், ஜாவா, இந்தியா. போர்போன் என்பது இன்றைய ரீயூனியன் தீவு. 1810-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து அதைப் பிடிக்க மதராஸிலிருந்து போன படையில் 69 இருந்தது. 1811-ல் ஜாவா. அங்கே ஆகஸ்ட் 26 அன்று மீஸ்டர் கார்னெலிஸ் அரணைத் தாக்கிய படைக்கு முன்னால் நின்றவர் கில்லஸ்பி. 1806-ல் ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து வேலூரில் 69-ஐக் காப்பாற்றிய அதே கில்லஸ்பிதான். இப்படி ஒரு மனிதர் இரண்டு இடத்தில் குறுக்கிட்டால் அவருடைய காகிதங்களையும் தேடுங்கள். ரெஜிமென்டின் சொந்த வரலாற்றில் இல்லாதது அங்கே கிடைக்கும். அவர் 1814 அக்டோபர் 31-ல் டேராடூன் அருகே களங்காக் கோட்டைத் தாக்குதலில் இறந்தார்.

கொடியில் வராத சண்டைகளும் உண்டு. வேலுத்தம்பி தளவாய் திருவிதாங்கூரில் எழுந்தபோது, 1809 பிப்ரவரியில் ஆரல்வாய்மொழிக் கோட்டைச் சுவரை ஏறிப் பிடித்தவர்களில் 69-இன் ஆட்களும் இருந்தார்கள். ஆங்கிலக் காகிதத்தில் இது 'அரம்போலி லைன்ஸ்'. இங்கிலாந்தில் உட்கார்ந்து தேடுகிறவருக்கு அந்த ஊர் எங்கே என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நாகர்கோவில் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த மலை இடைவெளியும் காற்றாலைகளும் கண்ணில் நிற்கும்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் பெரிய அனுகூலம் இருக்கிறது. ஊர்ப் பெயர்களை வெள்ளைக்கார எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிவிட்டுப் போனார்கள். கண்ணால் படித்தால் புரியாது, வாய்விட்டுப் படியுங்கள். பாலம்கோட்டா பாளையங்கோட்டை. ட்ராங்கபார் தரங்கம்பாடி. கன்னனூர் கண்ணூர். வல்லாஜாபாத் என்பது காஞ்சிபுரம் பக்கத்து வாலாஜாபாத். ராணிப்பேட்டை அருகில் உள்ள வாலாஜாபேட்டையோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

கல்லறைத் தோட்டத்தில்

காகிதத்துக்கு முன் கல்லைப் பாருங்கள். ஜனவரி, பிப்ரவரியில், காலை ஏழு மணிக்குப் போவது நல்லது. வெயில் சாய்வாக விழும்போதுதான் தேய்ந்த எழுத்து எழும்பும். உச்சி வெயிலில் அதே கல் வெறும் பலகை மாதிரி இருக்கும். சூரியன் தோதாக இல்லை என்றால் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை எடுத்துப் போங்கள். பக்கவாட்டில் பிடித்து ஒளியைக் கல்லின் மேல் வழுக்கிப் போகும்படி திருப்பினால் போதும். நான் கொண்டுபோவது பழைய அலமாரிக் கதவிலிருந்து கழற்றிய கண்ணாடி, ஒரு முழம் உயரம் இருக்கும்.

சாக்கட்டி பூசாதீர்கள், கரி தேய்க்காதீர்கள், கம்பித் தூரிகை போடாதீர்கள், எலுமிச்சையும் ஆசிடும் வேண்டவே வேண்டாம். இருநூறு வருடம் நின்ற கல்லை ஒரு மணி நேரத்தில் அழித்துவிடலாம். காய்ந்த இலையை ஒதுக்கிவிட்டு, மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும்.

சில கல்லில் எழுத்தை வெட்டி அதற்குள் ஈயம் ஊற்றியிருப்பார்கள். ஈயம் பெயர்ந்தோ, யாராவது நெம்பி எடுத்தோ போயிருக்கும். அப்படிப் போன இடத்தில் ஈயத்தைப் பிடித்துக்கொள்ளப் போட்ட சின்னச் சின்னத் துளைகள் மட்டும் மிஞ்சும். அந்தத் துளைகளை அப்படியே காகிதத்தில் புள்ளி வைத்து வரைந்துகொள்ளுங்கள். பக்கத்தில் ஈயம் போகாமல் இருக்கும் எழுத்துகளின் துளைகளோடு ஒப்பிட்டால் எது எந்த எழுத்து என்று பிடித்துவிடலாம். கோலப் புள்ளியைப் பார்த்துக் கோலத்தைக் கண்டுபிடிக்கிற மாதிரிதான். ஒரு பெயருக்கு எனக்கு இரண்டு காலை ஆனது.

ரெஜிமென்ட் எண் ரோமன் எழுத்தில் இருக்கலாம். 69 என்றால் எல், எக்ஸ், ஐ, எக்ஸ். பழைய கல்லில் கடைசி எக்ஸ் தேய்ந்து போய் 61 என்று படிக்கிற ஆபத்து உண்டு. கல்லில் முடியாதபோது பழைய பட்டியல் கைகொடுக்கும். மதராஸ் மாகாணத்துக் கல்லறை வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற அதிகாரி 1905-ல் தொகுத்து அச்சிட்டார். அவர் பார்த்தபோது இருந்த எழுத்து இன்று இல்லாமல் போயிருக்கலாம். அதனால் இரண்டையும் ஒப்பிட்டு, எது கல்லில் பார்த்தது, எது அச்சில் எடுத்தது என்று பிரித்து எழுதுங்கள்.

காகிதம் இருக்கும் இடங்கள்

சென்னையில் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். விண்ணப்பம், அடையாள அட்டை, எதற்காகப் பார்க்கிறேன் என்று ஒரு கடிதம். அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போனால் மதராஸ் அரசாங்கத்தின் இராணுவத் துறைத் தொகுதிகள் வருட வாரியாக இருக்கின்றன. வேலூர் விவகாரத்துக்கு ரகசியத் துறைத் தொகுதிகளும் உண்டு. 69 ராஜா பட்டாளம்தானே, இங்கே என்ன கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பெயர்ப் பட்டியல் இங்கே இருக்காது, உண்மைதான். ஆனால் அவர்களுக்குச் சோறு, மாடு, வண்டி, தங்க இடம் எல்லாம் கொடுத்தது மதராஸ் அரசாங்கம். அந்தக் கடிதப் போக்குவரத்து இங்கேதான்.

பழைய கையெழுத்துக்கு முதல் நாள் எதையும் படிக்க முயலாதீர்கள். ஒரு பக்கத்தை எடுத்து அந்த எழுத்தர் ஒவ்வொரு எழுத்தையும் எப்படிப் போடுகிறார் என்று ஒரு அட்டவணை வரைந்துகொள்ளுங்கள். மறுநாள் வேகம் தானாக வரும். தேதிகளில் 'இன்ஸ்டன்ட்' என்றால் இந்த மாதம், 'அல்டிமோ' என்றால் போன மாதம். இது தெரியாமல் ஜூலைச் சம்பவத்தை ஆகஸ்டில் போட்டவர்கள் உண்டு. விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாதீர்கள், பேனா வேண்டாம், பென்சில் மட்டும்.

அடுத்தது க்யூ. அங்கே மஸ்டர் ரோல்கள் இருக்கின்றன. இந்தச் சொல் நம் அரசு அலுவலகங்களில் இன்றும் புழங்குகிறது, தினக்கூலி ஆட்களின் வருகைப் பட்டியலுக்கு. பொருளும் அதேதான்: இந்த மாதம் யார் இருந்தான், யார் ஆஸ்பத்திரியில், யார் வெளியூர்ப் பணியில், யார் செத்தான், எவ்வளவு சம்பளம். வரிசை எண் டபிள்யூ.ஓ. 12. ரெஜிமென்ட் எண்ணையும் வருடத்தையும் வைத்துக் கட்டைக் கேட்கலாம். பெரும்பகுதி இணையத்தில் இல்லை, யாராவது நேரில் போக வேண்டும். எனக்கு நண்பர் ஒருவரின் மகள் சனிக்கிழமை ஒன்றில் போய்ப் படம் எடுத்து அனுப்பினாள். கேட்கும்போது 1806-ஐ மட்டும் கேட்காமல் முன்னும் பின்னும் ஒரு வருடம் சேர்த்துக் கேளுங்கள். முன் வருடத்தில் இருந்த பெயர் பின் வருடத்தில் இல்லை என்றால் அதுவே ஒரு செய்தி.

ஓய்வூதியம் வாங்கிய ராஜா பட்டாளத்துச் சிப்பாய்களின் விடுவிப்புத் தாள்கள் டபிள்யூ.ஓ. 97. இவற்றை ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் பணம் கட்டிப் பார்க்கலாம். அதிகாரிகளின் பதவி உயர்வுக்கு லண்டன் கெஜட் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மதராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகிய பதிவுகளின் படிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் மனைவி மக்கள் காகிதத்தில் தலைகாட்டுவது பெரும்பாலும் அங்கே மட்டும்தான். இலவசமாகத் தொடங்க நினைக்கிறவர்கள், பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த குடும்பங்களின் வரலாற்றைத் தேடும் ஃபிபிஸ் என்ற அமைப்பின் தளத்தில் பெயர் போட்டுத் தேடிப் பாருங்கள்.

அடக்கப் பதிவைப் பொறுமையாகப் பார்த்தால் ஒன்று தெரியும். இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களில் பெரும்பாலோரைக் கொன்றது குண்டு இல்லை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கல்லீரல் வீக்கம், அப்புறம் சாராயம். சண்டையை மட்டும் எழுதினால் ரெஜிமென்டின் முக்கால் கதை விட்டுப்போகும்.

இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில்

இப்போது அந்த இரவுக்கு வருவோம். 1806 ஜூலை 10, அதிகாலை. கோட்டையில் 69-இன் நான்கு கம்பெனிகள், சுமார் 370 பேர். சிப்பாய்கள் சுமார் 1,500 பேர். நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை வைக்க வேண்டும் என்ற உத்தரவு பல மாதமாகப் புகைந்துகொண்டிருந்தது. முஸ்தபா பேக் என்ற சிப்பாய் ஜூன் மாதமே எச்சரித்தார், நம்பவில்லை. அன்று இரவு சிப்பாய்கள் காவலைப் பிடித்து, பாரக்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் கதவு ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். அவர் மனைவி அமீலியா குழந்தைகளோடு ஒளிந்திருந்து பிழைத்தார். அந்த இரவைப் பற்றி அவர் எழுதிவைத்த குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. மைசூர்க் கொடி கோட்டையில் ஏறியது. பிழைத்த 69-இன் அறுபது பேர் அளவில் மதில் மேல் ஏறி, தோட்டா தீர்ந்த பிறகும் சார்ஜன்ட் பிராடி என்பவரின் கீழ் வாசலுக்கு மேலே நின்றார்கள். ஆற்காடு சுமார் 25 கிலோமீட்டர். அங்கிருந்து கில்லஸ்பி முதலில் இருபது பேரோடு வந்து, மேலிருந்து விட்ட கயிற்றைப் பிடித்து மதில் ஏறினார். பின்னால் வந்த பீரங்கி வாசலைத் திறந்தது.

ரெஜிமென்டின் ஆங்கில வரலாறுகள் பெரும்பாலும் இங்கே நின்றுவிடும். அதற்கடுத்து நடந்ததையும் எழுத வேண்டும். அரண்மனைக்குள் ஒதுங்கிய சிப்பாய்கள் நூறு பேர் அளவில் வெளியே கொண்டுவரப்பட்டு, சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். அதைப் பார்த்த ஆங்கில அதிகாரி ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். 69-இன் இறப்பு 115 என்று எல்லாரும் எழுதுகிறார்கள், சிப்பாய்ப் படைகளின் ஆங்கில அதிகாரிகள் 14 பேர் தனி. சிப்பாய்களின் இறப்பு என்று வரும்போது ஒருவர் 350 என்பார், இன்னொருவர் 800 என்பார். ஒரு பக்கத்துக்கு ஆள் ஆளாகக் கணக்கு, மறுபக்கத்துக்குக் குத்துமதிப்பு. ஏன் என்றால் முதல் பக்கத்துக்கு மஸ்டர் ரோல் போட்டு வீட்டாருக்குப் பாக்கிச் சம்பளம் தீர்க்க வேண்டியிருந்தது. மூன்று சிப்பாய்ப் பட்டாலியன்களையோ கலைத்தே விட்டார்கள். இப்படி எண்கள் முரண்படும் இடத்தில் சராசரி எடுக்காதீர்கள். யார், எப்போது, எந்தத் தேவைக்காக அந்த எண்ணைச் சொன்னார் என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

நான் ஒரு முழு அளவுத் தாளை நடுவில் கோடு கிழித்து வைத்திருக்கிறேன். இடது பக்கம் 69. வலது பக்கம் 1/1, 2/1, 2/23. எழும்பூரில் விசாரணை வாக்குமூலங்களில் ஒரு சுபேதார் பெயரோ ஜமேதார் பெயரோ கிடைத்தால் வலது பக்கம் ஏறும். ஷேக் ஆதம், ஷேக் காசிம் என்று தொடங்கியது. இடது பக்கம் வேகமாக நிரம்புகிறது, வலது பக்கம் மெதுவாக. அதனால் இப்போதெல்லாம் எழும்பூர் போனால் வலது பக்கத்துக்காக மட்டுமே போகிறேன்.

கடைசியாக, விடுவிப்புத் தாளை எப்படிப் படிப்பது என்று சொல்லிவிடுகிறேன். ஒரே தாளில் பிறந்த ஊர், படையில் சேர்ந்தபோது வயது, மொத்தச் சேவை, அதில் கிழக்கிந்தியாவில் எத்தனை வருடம், ஏன் விடுவிக்கிறார்கள் என்பது இருக்கும். கீழே அடையாளம்: உயரம், தலைமுடி, கண், நிறம். பல தாளில் கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. நடுவில் தொழில் என்று ஒரு இடம். பெரும்பாலும் 'கூலி' என்று இருக்கும். அடுத்தபடியாக அடிக்கடி வருவது நெசவு.

நான் குடியாத்தத்துக்காரன். எங்கள் வீட்டில் இரண்டு தறி ஓடியது. லுங்கிதான். அப்பாவின் வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருக்கும். 69-இல் இருந்த ஒருவனுடைய தாளை முதன்முதலாகத் திறந்து, தொழில் என்ற இடத்தில் 'நெசவாளி' என்று பார்த்தபோது, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு அந்தத் தாளின் நகலைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த தடவை வரும்போது கொடுக்க.